வாசலில் நிற்கும் சாட்சி

நகரத்துச் சித்திரசாலையில் மாட்டியிருக்கும் ஒரு நிழற்படத்தைப் பார்க்கும்போது, அதில் காணும் மலையோ, ஆற்றங்கரையோ, கிழவியின் முகமோ மெய்யாகவே அப்படித்தான் இருந்ததா என்று விசாரிப்பதற்கு நமக்கு மார்க்கம் கிடையாது. எடுத்தவர் காட்டிய ஒளியை ஒளியென்றும், அவர் விட்ட நிழலை நிழலென்றும் ஒப்புக்கொண்டு, வியந்தோ வியக்காமலோ வெளியே வந்துவிடுகிறோம். பல்கலைக்கழக வளாகம் ஒன்றில், அந்த வளாகத்தையே பொருளாகக் கொண்டு மாணவர்கள் எடுத்த படங்களை வரிசையாக மாட்டிவைக்கும் கண்காட்சியின் சங்கதி வேறு. படம் மண்டபத்துச் சுவரில் இருக்கிறது. படத்திலுள்ள ஆலமரமோ மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், விழுதும் வேருமாகப் பிரத்யட்சமாக நிற்கிறது. பார்க்க வந்தவர் நாற்பது தப்படி நடந்தால் போதும், படத்தையும் பொருளையும் ஒப்புநோக்கித் தீர்ப்புச் சொல்லிவிடலாம். வழக்கில் சம்பந்தப்பட்ட சாட்சி கோர்ட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருப்பதைப் போன்ற இந்த நிலைமை, கலையுலகத்தில் வேறு எங்கும் எளிதாகக் கிட்டாது என்பதே, மாணவர் நிழற்படக் கண்காட்சிகளுக்கு நான் விடாமல் போவதற்கு முதற்காரணம்.

இத்தகைய போட்டிகளில் ‘நமது வளாகம்’ என்ற தலைப்பைக் கொடுத்தால் நடுவர்கள் சலித்துக்கொள்வது சம்பிரதாயம். மறுபடியும் மணிக்கூண்டா, மறுபடியும் நூலகத்துப் படிக்கட்டா என்பார்கள். அவர்களுக்குப் பிரியமானவை காசிக் கட்டங்களும், சுருக்கம் விழுந்த முகத்தில் பீடிப்புகை சுழலும் முதியவர்களும், செம்மண் புழுதி பறக்க மந்தை திரும்பும் மாலை வேளைகளும். அவை அழகல்ல என்று நான் சொல்லவில்லை. ஆனால் காசிக்குப் போய்வரக் கையில் காசுள்ள மாணவனும், விடுதிக்கும் வகுப்புக்கும் நடுவிலேயே நான்கு வருஷங்களைக் கழிக்கும் மாணவியும் ஒரே பந்தயத்தில் ஓடும்போது, விஷயத்தின் கவர்ச்சி பாதிப் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. வளாகம் என்ற தலைப்பில் அந்தச் சலுகை ஒருவருக்கும் இல்லை. எல்லோருக்கும் அதே மரம், அதே தாழ்வாரம், அதே வெயில்; எங்கே நிற்பது, எப்போது நிற்பது என்ற இரண்டு மட்டுமே அவரவர் சொத்து. சொல்லப்போனால் நிழற்படக்கலை என்பதே அந்த இரண்டும்தான்.

சென்னையில் இதற்கு ஏற்ற களம் கிண்டியில் இருக்கிறது. 1959-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்காகக் கிண்டிக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுக்கப்பட்ட நிலம் அது. ஏறத்தாழ 250 ஹெக்டேர் பரப்பில், ஆய்வுக்கூடங்களுக்கும் விடுதிகளுக்கும் இடையே புள்ளிமான்களும் வெளிமான்களும் தங்கள் பூர்விக பாத்தியதையை விட்டுக்கொடுக்காமல் இன்றும் உலவுகின்றன. ஜனவரி மாதத்து ‘சாரங்’ விழாவுக்குப் போகிறவர்கள் பாட்டுக் கச்சேரிக்கு முன்னால் பார்ப்பதே பெரும்பாலும் மான்களைத்தான். அங்கு படிக்கும் பிள்ளைகள் கையில் கேமரா கிடைத்ததும் முதலில் எடுப்பதும் மானைத்தான். டெலி லென்ஸ் வைத்து, கொம்பிலிருந்து குளம்புவரை சட்டகம் நிறைய எடுத்துவிடுகிறார்கள். அவற்றில் பழுது ஒன்றும் இராது. கண்ணில் ஒளிப்புள்ளி இருக்கும். பின்னணி பச்சை வெண்ணெயாய் உருகிக் கிடக்கும். ஆயினும் அந்த மான் கிண்டியில் நிற்கிறதா, கான்ஹாக் காட்டில் நிற்கிறதா என்று கேட்டால் படத்தில் விடை இராது. சாட்சியை வேண்டுமென்றே மண்டபத்துக்கு வெகுதூரத்துக்கு விரட்டிவிட்ட படங்கள் அவை.

இதற்கு மாறாக, சில வருஷங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் நான் பார்த்த மான் படமொன்று இன்னும் மனத்தில் இருக்கிறது. பெரிய மழை பெய்து ஓய்ந்த பிறகு எடுத்தது. விடுதி ஒன்றின் தரைத்தளத்துத் தாழ்வாரம். கம்பிக் கொடியில் உலரப் போட்ட லுங்கிகளும் துண்டுகளும் ஈரத்தோடு தொங்குகின்றன. அந்தத் துணிகளுக்குக் கீழே, கட்டுக்கதவின் இடைவெளியில், நான்கு மெல்லிய கால்கள் மட்டும் தெரிகின்றன. முகம் கிடையாது, கொம்பு கிடையாது, கண்ணும் கிடையாது. மழைக்கு ஒதுங்கிய அந்தப் பிராணி எந்த வேளையில், யாருடைய வீட்டில், எவ்வளவு உரிமையோடு நிற்கிறது என்பதையெல்லாம் அந்த நான்கு கால்கள் சொல்லிவிடுகின்றன. எடுத்தவர் மண்டியிட்டு, ஏறக்குறையத் தரையோடு கேமராவை வைத்திருக்க வேண்டும். நின்றபடி எடுத்திருந்தால் துணிகளே திரையாகி மானை மறைத்திருக்கும். அந்த ஒரு மண்டியிடலில் இருக்கும் ரசனை விலையுயர்ந்த லென்ஸில் இல்லை. நடுவர்கள் அதற்கு ஆறுதல் பரிசு கொடுத்திருந்தார்கள். முதல் பரிசு முழுக்கொம்பு மானுக்குப் போயிருந்தது. மா. கிருஷ்ணன் அந்தக் குழுவில் இருந்திருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாவலாசிரியர் மாதவையாவின் புதல்வரான அவர், மாநிலக் கல்லூரியில் தாவரவியல் மாணவராக இருந்த நாளிலேயே சித்திரமும் பழகியவர். பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த கருவி ஒன்றுக்கு ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று வேடிக்கையாகப் பெயர்வைத்து, அதைச் சுமந்துகொண்டு காடுகளில் அலைந்தார். வண்ணத்தை ஒதுக்கிக் கருப்பு வெள்ளையிலேயே நிலைத்த அவருடைய யானைப் படங்களில், யானை நிற்கும் மூங்கில் புதரும், மிதித்த புல்லும் யானைக்குச் சரியாசனம் பெற்றிருக்கும்.

சென்னை வெயிலைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். காலை பத்து மணிக்குமேல் மாலை மூன்றரை வரையில் இங்கே விழும் ஒளி உச்சியிலிருந்து நேராக இறங்குவது. மனிதர்களின் கண்குழியில் கருநிழலைத் தேக்கிவிடும், வெள்ளைச் சுவரைக் கண்கூசும் வெறுமையாக்கிவிடும். மரநிழலுக்கும் வெயில்பட்ட தரைக்கும் உள்ள ஒளி வேற்றுமையை நம் கண் பாப்பாவைச் சுருக்கியும் விரித்தும் சமாளித்துக்கொள்ளும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. நிழலைக் காப்பாற்றினால் வெயில் வெளுக்கும். வெயிலைக் காப்பாற்றினால் நிழல் தாராய் இறுகும். ஆகவே நிழற்பட மன்றங்களில் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம், நடுப்பகலில் கேமராவைப் பைக்குள் வை என்பதுதான். அதன் விளைவு, கண்காட்சி முழுவதும் சூரியோதயமும் அஸ்தமனமுமாகவே பொன்பூசிக் கிடக்கிறது. அந்த வளாகத்தில் ஒருவரும் பகல் பன்னிரண்டு மணிக்கு உயிர்வாழ்வதில்லையோ என்று அந்நியர் ஒருவர் ஐயுறக்கூடும். வெளியே போய்ச் சாட்சியைக் கேட்டால், மெஸ் மணி அடித்து, தட்டேந்திய கூட்டம் நிழல் கண்ட இடமெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி நடக்கும் அந்த உக்கிரமான வேளையே இவ்வூரின் மெய்யான வேளை என்று அது சொல்லும். நடுப்பகலைத் துணிந்து எடுக்கிறவர்களை நான் தேடிப் பார்ப்பேன். அவர்கள் தோற்றாலும் அந்தத் தோல்வியில் பொருள் உண்டு. எப்போதாவது ஒருவர் ஜெயிக்கிறார்: கட்டடத்தின் நிழல் தரையில் கத்திவிளிம்பாய் வெட்டிக் கிடக்க, அந்த விளிம்பின் மேலேயே, வெயிலில் ஒரு செருப்பும் நிழலில் ஒரு செருப்புமாக நடந்து செல்லும் ஒரு பெண். அவ்வளவுதான் படம். நிழலைத் தாராய் இறுகவிட்டே எடுத்த படம் அது. இறுகாவிட்டால் அந்த விளிம்பு கிடைத்திராது.

இவ்வூருக்குப் போட்டியும் பரிசும் புதிதல்ல. டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை வைத்தியர் 1850-இல் சென்னையில் தொடங்கிய சித்திரப் பள்ளிதான், பின்னர் அரசாங்கத்தின் கைக்கு வந்து, இன்று எழும்பூரையடுத்துப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் செங்கல் கட்டடங்களோடு நிற்கும் அரசு கவின்கலைக் கல்லூரி. நிழற்படம் என்ற வித்தை உலகுக்கு வந்து இருபது வருஷம்கூட ஆகாத அந்த நாளிலேயே, 1856-இல், ஹண்டரை முன்னிட்டுச் சென்னையில் ஒரு நிழற்படச் சங்கமும் ஏற்பட்டது. அதற்கு முந்திய வருஷம் நடந்த சென்னைப் பொருட்காட்சியில், ராணுவ அதிகாரியாயிருந்த லின்னேயஸ் டிரைப் என்பவர் ஹளேபீடு, பேலூர் முதலிய இடங்களில் தாம் எடுத்த 68 படங்களை வைத்தார். நடுவர் குழு அவருக்கு முதல் வகுப்புப் பதக்கம் அளித்தது. பிற்பாடு அவரே சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராகி, 1858-இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்று சுற்றி, நமக்கு இன்றும் திகைப்பூட்டும் படங்களை எடுத்தார்.

டிரைப் கையாண்டது மெழுகிட்ட காகித நெகட்டிவ். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி ஈரம் காயுமுன்பே எடுத்துக் கழுவியாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு, எடுத்த பின்னரும் சாவகாசமாகக் கழுவலாம் என்பதால் நம் வெயிலுக்கு அது உகந்தது. ஆனால் ஒளியை அது மெதுவாகவே குடிக்கும். நிமிஷக்கணக்கில் திறந்துவைத்த லென்ஸுக்கு முன்னால் நடந்துபோனவர்கள் படத்தில் பதியாமலே போனார்கள். ஆகவே அவருடைய கோபுரங்களும் பிராகாரங்களும் ஜனசஞ்சாரமற்ற மகாமௌனத்தில் நிற்கின்றன. நீல நிறத்துக்கே அதிகம் மசியும் அந்த மருந்தில் ஆகாயம் வெறும் வெள்ளையாகவே விழும். டிரைப் அதைப் பொறுக்காமல் நெகட்டிவின்மேல் தூரிகையால் மேகம் தீட்டினார். மரங்களின் இலைச்செறிவையும் தொட்டுத் திருத்தினார். இன்றைய மாணவர் போட்டியின் விதிமுறைத் தாளில் ‘கணினியில் மாற்றம் செய்யப்பட்ட படங்கள் நிராகரிக்கப்படும்’ என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், பதக்கம் பெற்ற அந்தக் காப்டன் இந்நாளில் விண்ணப்பித்திருந்தால் வாசலிலேயே திருப்பியனுப்பப்பட்டிருப்பாரே என்று எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அவரைக் கேட்பதற்கும் சாட்சி உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் வெட்டியுள்ள கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டவைத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். அந்தக் கல் இன்றும் அங்கே இருக்கிறது. மேகம் அவருடையதாயிருக்கலாம், எழுத்து ராஜராஜனுடையது, அதில் அவர் கைவைக்கவில்லை. எதில் தூரிகை படலாம், எதில் படலாகாது என்று அறிந்திருந்தாரே, அந்த விவேகத்தை எந்த விதிமுறைத் தாளிலும் எழுதி வைக்க முடியாது.

எழும்பூர்க் கல்லூரியில் மாணவர் படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் நாட்களில் போனால், நிழற்படத்தைப் பற்றி ஒன்றும் பேசாமலே நிழற்படத்தைப் பற்றி நிறையத் தெரிந்துகொண்டு வரலாம். 1929 முதல் 1957 வரை முதல்வராயிருந்த தேவிபிரசாத் ராய் சௌதுரி — கடற்கரை உழைப்பாளர் சிலையைச் சமைத்தவர் — காலத்திலிருந்தும், அவருக்குப் பின் வந்து 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கண்ட ஓவியர் பணிக்கரின் காலத்திலிருந்தும், வெளியே போய் நேரில் பார்த்து வரைவது அங்கே ஊறிய பழக்கம். பக்கத்திலுள்ள சென்ட்ரல் ரயில் நிலையத்தில் மூட்டைமேல் தலைவைத்துத் தூங்குகிறவர்கள் எத்தனை தலைமுறை மாணவர்களுக்கு அறியாமலே மாதிரியாயிருந்திருப்பார்கள்! நீர்வண்ணத்தில் அவர்கள் தீட்டும் மரத்தின் அடியில் விழுந்த நிழல்களை உற்றுப் பார்த்தால் ஒரு சுவாரஸ்யம் புலப்படும்: இடப்பக்கத்து நிழல் ஒரு திசையையும் வலப்பக்கத்து நிழல் சற்றே வேறு திசையையும் காட்டும். கைப்பிழையென்று தள்ளிவிடக்கூடாது. படம் முடிய இரண்டு மணி நேரமாயிற்று. அதற்குள் சூரியன் நகர்ந்துவிட்டான். மாணவன் அந்தந்த வேளையில் கண்டதை அந்தந்த இடத்தில் உண்மையாகவே வைத்திருக்கிறான். அதே மரத்தை இருநூற்றைம்பதில் ஒரு பங்கு வினாடியில் எடுத்த நிழற்படத்தைப் பக்கத்தில் மாட்டினால், இரண்டும் மெய், இரண்டு மெய்யும் ஒன்றல்ல என்பது ஒரு வியாக்கியானமும் வேண்டாமல் விளங்கிவிடும். ஓவியமும் சிற்பமும் நிழற்படமும் தனித்தனி அறைகளில் வைக்கப்படாமல் இப்படி அடுத்தடுத்து வரும் கண்காட்சியே எனக்குப் பிடித்தம். அமைப்பாளர்களுக்கு அது பிடிப்பதில்லை, பிரிவுக்கு ஒரு நடுவர், ஒரு கேடயம் என்ற கணக்கு குழம்பிவிடுகிறதாம்.

வளாகமே கண்காட்சியாகிவிட்ட ஊரில் நிலைமை இன்னும் சிக்கலானது. சாந்திநிகேதனத்தில் ஓவியர் நந்தலால் போஸின் பிறந்த நாளான டிசம்பர் 3-ஐ ஒட்டி, முதல் இரண்டு தேதிகளில், அங்குள்ள கலைப்பள்ளியான கலா பவனத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் தங்கள் கைவேலைகளைக் கடைவிரித்து விற்று மாணவர் நல நிதிக்குப் பொருள் சேர்க்கும் நந்தன் மேளா நடக்கிறது. ஆனால் அங்கே கடைகளுக்கு வெளியேயும் கலை நிற்கிறது. செம்பூரான் சரளையும் சிமெண்டும் கலந்து ராம்கிங்கர் பைஜ் 1938-இல் உருவாக்கிய சந்தால் குடும்பம், காவடியும் குழந்தையும் நாயுமாகக் குடிபெயர்ந்து திறந்த வெளியில் நடந்துகொண்டேயிருக்கிறது. மாணவர்கள் சேர்ந்து மண்ணும் தாரும் கொண்டு புடைப்புச் சிற்பங்கள் அமைத்த கறுப்பு வீடு இருக்கிறது. கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு அங்கே போய்ச் சேர்ந்த கே.ஜி. சுப்ரமணியன், முதுமையில் கட்டடச் சுவர்கள் முழுவதும் தீட்டிய கருப்பு வெள்ளைச் சித்திரங்கள் இருக்கின்றன. இவற்றின் முன்னால் கேமராவோடு நிற்கும் மாணவனுக்கு உள்ள அபாயம் பெரிது: எப்படி எடுத்தாலும் படம் நன்றாகவே வரும், அந்த நன்மை முழுவதும் ராம்கிங்கருடையதாகவே இருக்கும். அங்கே எடுத்ததாக எனக்குக் காட்டப்பட்ட படங்களில் நான் நிமிர்ந்து பார்த்தது ஒன்றே. சிற்பத்துக்குப் பின்னால், சற்றே தெளிவிழந்த தூரத்தில், பொழுது சாயும் வேளையில் வேலைமுடிந்து சாலையில் போகும் இரண்டு பெண்கள். கல்லாய் நிற்கும் தாயின் கால் எட்டும் அந்தப் பெண்களின் கால் எட்டும் ஒரே நீளம், ஒரே சாய்வு. சிற்பி யாரைப் பார்த்துச் செய்தானோ அவர்களைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்ட படம் அது.

படத்தை எடுப்பது ஒரு பாதி என்றால், அதை மாட்டுவது மறுபாதி என்பதை நம் கல்லூரிகள் இன்னும் உணரவில்லை. சென்ற சில வருஷங்களாகப் பிரிண்ட் போடும் வழக்கமே அருகி, படங்களையெல்லாம் ஒரு பெரிய திரையில் ஐந்து ஐந்து வினாடியாக ஓடவிடுகிறார்கள். எந்தப் படத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்பது என்பதைப் பார்ப்பவர் தீர்மானிக்க இயலாத கண்காட்சியைக் கண்காட்சியென்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. பிரிண்ட் போடுகிற இடத்திலும், பளபளக்கும் தாளில் போட்டு, டியூப்லைட்டுக்கு நேர்கீழே மாட்டிவிடுகிறார்கள். படத்தின் நடுவில் விளக்கும், விளக்கின் பக்கத்தில் பார்ப்பவரின் முகமும் தெரிகின்றன. பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில், பளபளப்பற்ற தாளில், இரண்டங்குல வெள்ளை மவுண்ட் அட்டை வைத்து, சராசரி உயரமுள்ளவரின் கண்மட்டத்தில் மாட்டினால், சாதாரணமான படத்துக்கும் ஒரு கௌரவம் வந்துவிடும். நல்ல படமோ பேசத் தொடங்கும். செலவும் பெரிதல்ல. நுழைவாயிலில் வைக்கும் வரவேற்பு ஃபிளெக்ஸ் பேனரின் பணத்தில் பாதி போதும்.

இதைவிட எனக்கு மனத்தாங்கல் தருவது படங்களுக்கு இடும் தலைப்பு. ‘தனிமை’, ‘நம்பிக்கை’, ‘நாளைய விடியல்’, ‘வாழ்க்கைப் பயணம்’ — எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் இந்த நால்வரும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். காலி நாற்காலியைக் கண்டால் தனிமை. செடி முளைத்த சுவரைக் கண்டால் நம்பிக்கை. பார்ப்பவன் தானே அடைய வேண்டிய பாவத்தைச் சீட்டில் எழுதி ஒட்டிவிட்டால், பிறகு படத்துக்கு அங்கே என்ன உத்தியோகம்? டிரைப் தம்முடைய பர்மாப் படங்களுக்கு இட்ட குறிப்புகளில் இடத்தின் பெயரையும், காணப்படும் கட்டடம் எதுவென்பதையும் அச்சிட்டார். மாணவர் கண்காட்சிக்கும் அதுவே போதுமென்று, சமீபத்தில் என்னைப் பேச அழைத்த ஒரு மன்றத்தாரிடம் கேட்டுக்கொண்டேன்: இடம், மாதம், மணி — இந்த மூன்றுக்கு மேல் ஓரெழுத்தும் வேண்டாம் என்று. ‘மின்னியல் துறைப் பின்வாசல், ஏப்ரல், பகல் 12.10’ என்று எழுதியிருந்தால், பார்ப்பவர் அன்றைக்கே அங்கே போய் நின்று பார்க்கலாமல்லவா? மன்றத்துச் செயலர், மூன்றாம் ஆண்டு மாணவி, மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, “ஐயா, அப்படிப் போட்டால் பார்க்க வந்தவர்களெல்லாம் மண்டபத்தை விட்டு வெளியே போய்விடுவார்களே, பரிசளிப்புக்குக் கூட்டம் இருக்காதே” என்றார். போகட்டுமே அம்மா என்றேன். நேரம் போடச் சம்மதித்திருக்கிறார்கள். தலைப்பை விடுவதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.